சைலன்சர் மேல் போட்ட பழி

புதுச் சைலன்சரை மாட்டிவிட்டு உதைத்தேன். முதல் கிக்கிலேயே வண்டி உயிர் பெற்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் முனகிக்கொண்டிருந்த புல்லட், அன்று அடிவயிற்றிலிருந்து பேசியது. அந்தச் சந்தோஷம் முதல் இறக்கம் வரைக்கும்தான். ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் படார் படார் என்று வெடி. அடுத்த மேட்டில் பாதி த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திருகல்) கொடுத்தால், வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இழுத்தது. அரை மணி நேரம் ஓடியதும் இரண்டு தும்மல் தும்மி நின்றேபோனது. பத்து நிமிடம் ஆறவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது.

முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய வண்டி. இடையில் மாறியது சைலன்சர் ஒன்றுதான். குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த நிச்சயம்தான் மூன்று வாரம் என்னை அலைக்கழித்தது. எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது வண்டியில் இருந்தது ஒரு கோளாறு அல்ல, நான்கு. அதில் இரண்டு நானே என் கையால் உண்டாக்கியவை.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கணக்குப் போட்டால் 346 சிசி. பிளக்கில் பொறி வரவைக்கும் இக்னிஷன் பழைய வகை: பாயிண்ட் (திறந்து மூடும் சுவிட்ச்), கண்டென்சர் (பாயிண்ட் முனையில் பொறி பறக்காமல் காப்பது) வைத்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்ப மிக்கார்ப் வி.எம்.24 கார்ப்பரேட்டர். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எது கெட்டாலும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டுக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கண்ணும் காதும் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஃப்ரீ ஃப்ளோ போட்டா ஜெட்டை ஏத்தணும்." ஃப்ரீ ஃப்ளோ என்றால் புகையை அதிகம் தடுக்காத சைலன்சர்; ஜெட் என்றால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை, எண் ஏற ஏற பெட்ரோல் கூடும். சரி என்று மெயின் ஜெட்டை ஏற்ற ஆரம்பித்தேன். வண்டியில் இருந்தது 90. 95 போட்டேன், வித்தியாசம் இல்லை. 100 போட்டேன், வெடி அப்படியே இருந்தது. 110 போட்டதும் முழு த்ராட்டிலில் எஞ்சின் குழறியது, பிளக் அடுப்புக்கரி மாதிரி வந்தது, பெட்ரோல் தண்ணீராகப் போனது. வெடி மட்டும் துளியும் குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் கார்ப்பரேட்டரைக் கழற்றி, மாட்டி, "இந்தத் தடவை காற்று கசியக் கூடாது" என்று நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அந்த "இன்னும் கொஞ்சம்" எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பிறகு.

முதலில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டிய விஷயம் மிகச் சின்னது. கார்ப்பரேட்டரில் எல்லா ஜெட்டும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. த்ராட்டில் மூடியிருக்கும்போதும் லேசாகத் திறந்திருக்கும்போதும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதற்கு மேலே கொஞ்ச தூரம் ஸ்லைடின் (த்ராட்டிலோடு ஏறி இறங்கும் உருளை) அடிவெட்டு. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை அந்த ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். முக்கால்வாசியைத் தாண்டினால்தான் மெயின் ஜெட். ஒன்றின் எல்லை இன்னொன்றில் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் வரிசை இதுதான். என் வண்டி வெடித்தது த்ராட்டில் மூடியபோது. தயங்கியது பாதியில். இரண்டுக்கும் மெயின் ஜெட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வலது காலில் முள் குத்தியவனுக்கு இடது காலில் கட்டுப் போட்ட கதை.

இதைப் புரியவைத்தவர் வயதான ஒரு மெக்கானிக். ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. நான் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பழைய சைலன்சர் எங்க தம்பி?" என்றார்.

"வீட்டுல கிடக்குண்ணே."

"அத மாட்டி ஒரு நாள் ஓட்டிட்டு வா. அப்புறம் பேசுவோம்."

வேண்டாவெறுப்பாகத்தான் 90 ஜெட்டோடு சேர்த்துப் பழையதை மாட்டினேன். வெடி போய்விட்டது. பாதி த்ராட்டில் தயக்கம் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் முழுக்க இல்லை. ஐடிலிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) மட்டும் முன்பு இல்லாத விதமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்தாவது நிமிடம் வண்டி தும்மி நின்றது. சாலையோரம் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். பழைய சைலன்சரோடும் நிற்கிறது என்றால், நின்றுபோவதற்கும் சைலன்சருக்கும் சம்பந்தமே இல்லை. மூன்று வாரத்தில் கிடைக்காத தெளிவு அந்த ஒரு ஓட்டத்தில் கிடைத்தது. பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது தற்செயல்தான். இப்போதெல்லாம் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன்.

வெடியிலிருந்து தொடங்குகிறேன். த்ராட்டிலை மூடியதும் எஞ்சினுக்குள் போகும் கலவை மிகக் குறைவு. அது ஒழுங்காக எரியாமல் அப்படியே வெளியே வந்துவிடும். அதோடு விட்டால் பாதகமில்லை. எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பில் எங்காவது ஒரு சந்து இருந்தால், ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் பின்னால் வரும் உறிஞ்சலில் வெளிக்காற்று அந்தச் சந்து வழியே உள்ளே போகும். எரியாத பெட்ரோல் ஆவி, புதுக் காற்று, தணலாக இருக்கும் குழாய்: மூன்றும் சேர்ந்தால் படார். ஆகவே மூடும்போது வெடிக்கிறது என்றால் நான் இப்போது முதலில் தேடுவது கசிவைத்தான், ஜெட்டை அல்ல.

புல்லட்டின் இந்த எஞ்சினில் பெண்ட் பைப் ஹெட்டுக்குள் (சிலிண்டரின் மேல்பகுதி) சும்மா நுழைந்து உட்காரும். மரையும் இல்லை, நட்டும் இல்லை. குழாயை நேராகப் பிடித்திருப்பது பின்னால் உள்ள பிராக்கெட்டுகள்தான். புதுச் சைலன்சரின் பிராக்கெட் ஓட்டை, சேஸியின் ஓட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. நான் என்ன செய்தேன்? போல்ட்டை நுழைத்து, இறுக்க இறுக்க அது தானாக இழுத்துக்கொண்டு வரட்டும் என்று விட்டேன். வந்தது. பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் இழுபட்டால் முன்பக்கம் குழாய் ஹெட்டுக்குள் கோணலாக நிற்காமல் என்ன செய்யும்?

கண்டுபிடித்த விதம் சொல்கிறேன். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில் இரண்டு நொடி அழுத்திப் பிடிக்கச் சொன்னேன் தம்பியிடம். நான் முன்னால் குனிந்து காதை வைத்தேன். ஹெட்டும் பைப்பும் சேரும் இடத்தில், அடிப்பக்கமாக, "த்ஸ்... த்ஸ்..." என்று எஞ்சின் அடிக்கும் தாளத்திலேயே சீறல். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சின்னச் சின்னதாக ஊதுவது விரலில் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஹெட்டின் துடுப்புகளுக்கிடையில் விசிறி விரித்த மாதிரி கரும்புகைத் தடம். மூன்று வாரமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. நான் குனிந்து பார்க்கவே இல்லை. (எஞ்சின் சூடேறுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். துணியை வெகுநேரம் அடைத்துப் பிடித்தால் எஞ்சின் அணைந்துவிடும், கையும் வெந்துவிடும்.)

சரிசெய்ய ஒரு மதியம் பிடித்தது. எல்லா போல்ட்டையும் தளர்த்தினேன். பைப் நுழையும் வாயில் படிந்திருந்த கரியைச் சுரண்டி எடுத்து, பைப்பின் முனையில் சூடு தாங்கும் சீலன்ட்டை மெலிதாகத் தடவி, முறுக்கி முறுக்கி உள்ளே தள்ளினேன். பிராக்கெட் ஓட்டையை ரவுண்ட் ஃபைலால் நீளவாக்கில் அராவி, போல்ட் எதையும் இழுக்காமல் விரலாலேயே நுழையும்படி செய்தேன். பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னால் போகப் போக இறுக்கினேன். சீலன்ட் காய ஒரு ராத்திரி. மறுநாள் வெடியில் பத்தில் ஒன்பது பங்கு காணோம்.

மிச்சம் இருந்த ஒரு பங்குக்கு டீகம்ப்ரஸர் காரணமோ என்று பார்த்தேன். கிக்கரை உதைப்பதைச் சுலபமாக்கும் அந்தச் சின்ன வால்வு சிலிண்டரிலிருந்து நேராக எக்ஸாஸ்ட் பக்கம் திறப்பது. கேபிள் இழுபட்டு அது முழுதாக மூடாமல் இருந்தாலும் இப்படி வெடிக்கும். கேபிளில் தளர்வு இருந்தது, அதில் குறை இல்லை. டேப்பெட்டும் (வால்வை அசைக்கும் பாகங்களின் இடைவெளி) பார்த்தேன்: எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கையில், புஷ் ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுவும் சரி.

அடுத்தது பாதி த்ராட்டில் தயக்கம். இதில்தான் சைலன்சருக்கு உண்மையான பங்கு. "பேக் பிரஷர் குறைஞ்சா இழுவை போயிடும்" என்று பலரும் சொல்வார்கள். எஞ்சினுக்கு அடைப்பு பிடிக்கும் என்பதுபோல அதைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வால்வு திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாய்க்குள் ஓடும். குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். இரண்டு வால்வும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் அது வந்து சேர்ந்தால் புதுக் கலவையை இழுத்துவிட உதவும். நேரம் தவறி வந்தால் அந்தக் குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சின் சோர்ந்துபோகும். சைலன்சரின் நீளமும் உள்ளமைப்பும் மாறினால் அந்த நேரம் மாறும். கூடவே புகை சுலபமாக வெளியேறுவதால் உள்ளே வரும் காற்றும் கூடும். கூடும் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் கூடாவிட்டால் கலவை மெலியும்.

என் வண்டியில் அது ஏற்கெனவே மெலிந்திருந்தது. நீடிலை வெளியே எடுத்தபோதுதான் பார்த்தேன், கிளிப் ஐந்து வெட்டில் மேல் வெட்டில் இருந்தது. கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ மைலேஜுக்காகச் செய்த வேலையாக இருக்க வேண்டும். கரி அடைத்த பழைய சைலன்சர் எஞ்சினைச் சரியாக மூச்சுவிட விடாததால் அந்தக் குறை வெளியே தெரியாமல் ஓடியிருக்கிறது. புதுச் சைலன்சர் மாட்டியதும் குட்டு உடைந்துவிட்டது.

ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி மூடியது, கால், அரை, முக்கால், முழுது என்று பேனாவால் கோடு போட்டேன். அசையாத பக்கத்திலும் ஒரு கோடு. இதைப் போடாமல் "பாதி த்ராட்டிலில் இடிக்கிறது" என்று சொல்வது உத்தேசம்தான். நான் பாதி என்று நினைத்தது பெரும்பாலும் கால்வாசிதான் என்பது டேப் ஒட்டியபிறகே தெரிந்தது. பிறகு கிளிப்பை ஒரு வெட்டு இறக்கி ஓட்டினேன். தயக்கம் குறைந்தது. இன்னொரு வெட்டு இறக்கி நடு வெட்டுக்குக் கொண்டுவந்தேன். போய்விட்டது. மூன்றாவதும் இறக்கிப் பார்த்தேன். மந்தமாகி, பிளக் கறுத்தது. நடு வெட்டுக்கே திரும்பினேன். ஒரு பக்கம் அதிகமாகும்வரை போய்ப் பார்த்தால்தான் நடு எது என்று நிச்சயமாகத் தெரியும்.

பிளக் பார்ப்பதில் ஒரு விஷயம். ஊரெல்லாம் சுற்றிவிட்டு, மெதுவாக வந்து, ஐடிலிங்கில் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் அது சொல்வது ஐடிலிங்கின் கதையை மட்டும்தான். எந்த த்ராட்டிலைச் சோதிக்கிறோமோ அதில் சில நூறு மீட்டர் நிதானமாக ஓட்டி, க்ளட்ச்சைப் பிடித்து அதே கணம் எஞ்சினை அணைத்து, ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்திக் கழற்ற வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான சாலை அவசியம். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவு. கரிப்பொடி பூத்திருந்தால் அதிகம். இளம் பழுப்பு நல்லது. இதே முறையில் முழு த்ராட்டிலைச் சோதித்து 95 ஜெட்டில் நின்றேன். ஆரம்பித்த இடத்திலிருந்து ஒரே ஒரு படி.

இனி நான் செய்த இன்னொரு புண்ணியம். ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. த்ராட்டிலை மூடினாலும் வேகம் இறங்க அடம்பிடித்தது. ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் பிடிகொடுக்கவில்லை. இந்தக் கார்ப்பரேட்டரில் அந்த ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் கலவை கெட்டியாகும், வெளியே திருகினால் மெலியும். வழக்கமாக முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்த இடத்தில் தொடங்கி, ஐடிலிங் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்துவோம். என்னுடையது முழுதாக உள்ளே போனபிறகும் போதவில்லை. வேறெங்கோ வழியில்லா வழியில் காற்று நுழைகிறது என்று அர்த்தம்.

எஞ்சின் ஓடும்போது கார்ப்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் கார்ப் க்ளீனரை ஒரே ஒரு துளி அளவுக்குப் பீச்சினேன். ஐடிலிங் சட்டென்று மாறியது. (சூடான எஞ்சினில் இதைத் தாராளமாகப் பீச்சினால் தீப்பிடிக்கும். எனக்குத் துணிச்சல் கிடையாது, சில்லென்று இருக்கும்போதுதான் செய்தேன்.) கழற்றி, தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் ஃப்ளேஞ்சை (ஹெட்டோடு சேரும் தட்டை முகம்) கவிழ்த்து வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தேன். நட்டு மாட்டும் இரண்டு காதும் கண்ணாடியைத் தொட்டன. நடுவில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஜெட் மாற்றத்துக்கும் நான் இறுக்கிய "இன்னும் கொஞ்சம்" சேர்ந்து அந்த மெல்லிய உலோகத்தை வில்லாக வளைத்துவிட்டது. கசியக் கூடாது என்று இறுக்கியதுதான் கசிவுக்கே காரணம்.

கண்ணாடிமேல் நைஸான எமரி பேப்பரை ஒட்டி, எண்ணெய் விட்டு, எட்டுப் போடுவதுபோல ஃப்ளேஞ்சைத் தேய்த்தேன். முதலில் காதுகள் மட்டும் பளபளத்தன. அரை மணி நேரம் கழித்துத்தான் நடுவட்டம் முழுதும் ஒரே மாதிரி மின்னியது. உலோகத்தூள் ஒட்டாமல் கழுவி, புது ஓ-ரிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக இறுக்கி, பிடித்ததும் நிறுத்தினேன். ஐடிலிங் நின்று நிதானமாகத் தாளம் போட்டது.

கடைசியாக அரை மணி நேரத்தில் நிற்கும் வியாதி. முதல் சந்தேகம் டேங்க் மூடி. மூடியின் காற்றுத் துளை அடைந்திருந்தால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடமாகி, ஒரு கட்டத்தில் இறங்குவதே நின்றுவிடும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்தேன்; 'உஸ்' என்று இழுக்கும் சத்தம் இல்லை. பிளக்கைக் கழற்றி எஞ்சினில் உரசி வைத்து உதைத்தால் பொறி மஞ்சளாக, சோகையாக வந்தது. இக்னிஷனைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினேன். அம்மீட்டர் முள் இப்படியும் அப்படியும் ஆடியது. பாயிண்ட் திறந்து மூடுகிறது, அதுவரைக்கும் கரண்ட் வருகிறது. பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு, கையால் நிழல் கொடுத்தபடி மறுபடி உதைத்தேன். பாயிண்ட் முனைகளுக்கு நடுவே கொழுத்த நீலப் பொறி. அங்கே பொறி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப் பளிச்சென்று அடித்தால் கண்டென்சர் வேலையை விட்டுவிட்டது என்று பொருள். சூடேறினால் மடங்கும், ஆறினால் எழுந்திருக்கும் கண்டென்சர். புதிதாக ஒன்று போட்டு, கருகியிருந்த முனைகளைத் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.38 மி.மீ. வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட்டினேன்.

சைலன்சர் மாற்றிய அதே வாரத்தில் கண்டென்சர் சாகத் தொடங்கியது வெறும் தற்செயல். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஒன்றைத் தொட்டபின் வேறொன்று படுத்தால், தொட்டதுதான் கெடுத்தது என்றே மனம் அடித்துச் சொல்லும். இப்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் பிளக்கின் நிறம், நீடில் கிளிப் எத்தனாவது வெட்டு, ஏர் ஸ்க்ரூ எத்தனைச் சுற்று, ஜெட் நம்பர், ஐடிலிங் எப்படி என்று எழுதிவிடுவேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றியபின் ஒரு ஓட்டம், ஒரு வரி. 90, 95, 100, 110 என்று நான் தாவிய நாட்களுக்கான பக்கம் மட்டும் அதில் கிடையாது. அப்போது நோட்டே இல்லை.

நீண்ட இறக்கத்தில் மூன்றாவது கியரில் விட்டால் இன்னமும் எப்போதாவது ஒரு 'டப்' வருகிறது. மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "கரி தடம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அது பேசுது தம்பி, பேசட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியின் டேப்பெட்டைப் பார்க்கப் போய்விட்டார்.